பொதுச் சுகாதாரப் பாடம் தண்ணீர்த் தொட்டியருகே தொடங்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எந்தத் துறையில் பயின்றாலும் கல்லூரி மாணவர்கள் அனைவருக்கும் பொதுச் சுகாதாரத்தைக் கட்டாயப் பாடமாக வைக்க வேண்டும் என்ற கோரிக்கை கொரோனா காலத்துக்குப் பிறகு அடிக்கடி எழுகிறது. திண்டுக்கல் மாவட்டத்தில் அரசு உதவி பெறும் கல்லூரி ஒன்றில் புள்ளியியல் கற்பித்து, பல ஆண்டுகள் நாட்டு நலப்பணித் திட்ட அலுவலராகவும் இருந்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் எனக்கும் அதில் உடன்பாடு உண்டு. ஆனால் அந்தப் பாடம் எந்த வடிவில் வந்து சேரும் என்று நினைக்கும்போது சற்று அச்சமாகவே இருக்கிறது.

அச்சத்துக்குக் காரணம் சுற்றுச்சூழல் கல்விக்கு நேர்ந்த கதி. 1991-இல் உச்ச நீதிமன்றம் பிறப்பித்த ஆணையின் தொடர்ச்சியாக அது இளநிலைப் பட்டப் படிப்புகளில் கட்டாயத் தாளாயிற்று. நோக்கத்தில் ஒரு குறையும் இல்லை. நடந்தது என்னவென்றால், தேர்வுக்கு முந்திய இரவில் மாணவர்கள் வழிகாட்டி நூலைப் புரட்டி, ஓசோன் படலத்தைப் பற்றியும் அமில மழையைப் பற்றியும் பாராமல் எழுதும் அளவுக்கு நெட்டுருப் போட்டு, மறுநாள் எழுதி, அதற்கு மறுநாள் மறந்தார்கள். கல்லூரிச் சுற்றுச்சுவருக்கு வெளியே குப்பையை எரிக்கிற புகை சன்னல் வழியாகத் தேர்வறைக்குள் வந்துகொண்டிருக்க, உள்ளே அறுபது பேர் காற்று மாசுக்கான காரணங்களை ஐந்து மதிப்பெண்ணுக்கு எழுதியதை, அறைக் கண்காணிப்பாளராக நின்று நான் பார்த்திருக்கிறேன். யாரும் எழுந்து போய்ப் புகை எங்கிருந்து வருகிறது என்று பார்க்கவில்லை; நானும் சன்னலைத்தான் சாத்தினேன்.

தாள் எழுதுவது ஒரு வகை என்றால், பேரணி போவது இன்னொரு வகை. உலக நல்வாழ்வு நாளோ, எய்ட்ஸ் ஒழிப்பு நாளோ வந்தால் முகப்பில் ஃபிளெக்ஸ் பேனர், நடுவில் சிறப்பு விருந்தினர், பின்னால் வெயிலில் வதங்கிய மாணவர்கள் என்று பேருந்து நிலையம் வரை ஒரு நடை. பிறகு கோலப்போட்டி, முழக்கப் போட்டி, உறுதிமொழி. தேசியத் தர மதிப்பீட்டுக் குழு வரும்போது காட்டுவதற்குப் புகைப்படங்கள் கோப்பில் ஏறிவிடும். இவற்றை நானே முன்னின்று நடத்தியவன் என்பதால் ஏளனமாகச் சொல்லவில்லை. பல ஆண்டுகள் நடத்தியும், ஒரு பேரணியால் ஒரு தெருவில் ஒரு காய்ச்சல் குறைந்தது என்று சொல்ல என்னிடம் எந்தக் கணக்கும் இல்லை என்பதே என் குறை.

கணக்கு என்று ஒன்றைப் பிடித்தது, பணிக்காலத்தின் கடைசி ஆண்டுகளில், டெங்குக் காய்ச்சல் மிகுந்திருந்த ஒரு பருவத்தில். நாட்டு நலப்பணித் திட்டத்தில் ஒரு மாணவர் ஆண்டுக்கு 120 மணி நேரம் பணி செய்ய வேண்டும். அதைத் தவிர ஏழு நாள் சிறப்பு முகாம் உண்டு. வழக்கமாக அந்த ஏழு நாளில் கோயில் வளாகத்தைக் கூட்டுவோம், பள்ளிக்கூடச் சுவருக்கு வெள்ளையடிப்போம், மரக்கன்று நடுவோம். அந்த ஆண்டு, வட்டார சுகாதார ஆய்வாளர் ஒருவர் சொன்ன யோசனையின்பேரில், முகாம் நடந்த ஊராட்சியில் நூற்றுக்குச் சற்று அதிகமான வீடுகளில் கொசுப்புழு இருக்கிறதா என்று பார்த்து எண்ணுவது என்று முடிவு செய்தோம். அவர் கையோடு ஒரு டார்ச் விளக்கும், வெள்ளைப் பீங்கான் கிண்ணம் ஒன்றும் கொண்டுவந்திருந்தார். தொட்டித் தண்ணீரைக் கலக்காமல் விளக்கை அடித்துப் பார்த்தால் புழுக்கள் வெளிச்சத்துக்குப் பயந்து அடியை நோக்கி நெளிந்து ஓடும். கிண்ணத்தில் மொண்டு பார்த்தால் வெள்ளைப் பரப்பில் கறுப்பு நூல் துண்டுகள் போலத் தெரியும். பி.காம். படித்த ஒரு மாணவர் அதைப் பார்த்துவிட்டு, பத்தொன்பது ஆண்டுகளாகத் தன் வீட்டுத் தொட்டியிலும் இதைப் பார்த்திருப்பதாகவும், மீன் குஞ்சு என்றே நினைத்திருந்ததாகவும் சொன்னார்.

எண்ணும் முறை எளிது. நூறு வீடுகளுக்கு எத்தனை வீட்டில் புழு இருக்கிறது என்பது ஒரு குறியீடு. நூறு வீடுகளுக்குப் புழு உள்ள பாத்திரங்கள் எத்தனை என்பது இன்னொன்று. என் மாணவர்களுக்கு இந்தச் சதவீதக் கணக்கு பள்ளியிலேயே தெரியும். தெரியாதது, பாத்திரம் என்று எதையெல்லாம் எண்ண வேண்டும் என்பது. முதல் நாள் தொட்டிகளையும் டிரம்களையும் மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டார்கள். இரண்டாம் நாள் ஆய்வாளர் கூடவே நடந்து, கொல்லையில் கிடந்த பழைய ஆட்டுக்கல்லின் குழியையும், டயரையும், கொட்டாங்குச்சிகளையும், ஃபிரிட்ஜுக்குப் பின்னால் தண்ணீர் வடிகிற தட்டையும் காட்டினார். அந்தத் தட்டு ஒன்று இருக்கிறது என்பதே அந்த வீட்டாருக்குத் தெரிந்திருக்கவில்லை. எனக்கும் தெரியாது என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

மூன்றாம் நாள்தான் உண்மையான பாடம் நடந்தது. ஒரு வீட்டில் சிமெண்ட் தொட்டி நிறையப் புழு. எங்கள் மாணவர் துண்டறிக்கையை எடுத்து, வாரம் ஒருமுறை தொட்டியைக் காலி செய்து பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்துக் கழுவ வேண்டும் என்று வாசித்தார். அந்த வீட்டுப் பெண்மணி பொறுமையாகக் கேட்டுவிட்டு, "தம்பி, எட்டு நாளைக்கு ஒருக்காதான் தண்ணி விடுறாங்க. இருக்கிறதையும் கீழே ஊத்திட்டா, நீங்க கொண்டாந்து ஊத்துவீங்களா?" என்று கேட்டார். மாணவரிடம் பதில் இல்லை. துண்டறிக்கையிலும் இல்லை.

அன்று மாலை பள்ளித் திண்ணையில் உட்கார்ந்து அந்தக் கேள்வியையே பேசினோம். ஏடிஸ் கொசு நல்ல தண்ணீரில், பாத்திரத்தின் உட்சுவரில் நீர்மட்டத்தை ஒட்டி முட்டையிடுகிறது; முட்டை பொரிந்து, புழுவாகி, கூட்டுப்புழுவாகி, கொசுவாகப் பறக்க நம் ஊர் வெப்பத்தில் ஏறத்தாழ ஒரு வாரம் முதல் பத்து நாள் வரை ஆகிறது. தண்ணீர் எட்டு நாளுக்கு ஒருமுறை வந்தால், மக்கள் எட்டு நாள் சேமித்துத்தான் ஆக வேண்டும். அந்த எட்டு நாள் கொசுவுக்கும் போதுமானதாக இருக்கிறது. தொட்டியில் தண்ணீர் குறைந்து சுவர் காய்ந்தாலும் அதில் ஒட்டிய முட்டைகள் பல மாதம் சாகாமல் கிடந்து, மறுபடி தண்ணீர் ஏறியதும் பொரிகின்றன. எனவே காலி செய்தால் போதாது, தேய்க்கவும் வேண்டும். இத்தனையும் தெரிந்த பிறகு, "மக்களுக்கு விழிப்புணர்வு இல்லை" என்ற வாக்கியத்தை எங்கள் முகாம் அறிக்கையில் எழுத யாருக்கும் மனம் வரவில்லை. தெருவாரியாகத் தண்ணீர் வருகிற இடைவெளியையும் புழு உள்ள வீடுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஓர் அட்டவணை போட்டோம். தண்ணீர் நாள் தள்ளி வருகிற தெருக்களில் புழுவும் அதிகமாக இருந்தது. அவற்றில் இரண்டு தெருக்கள் காலனிப் பக்கத்தில் இருந்தன. குழாய் வரிசையின் கடைசியும் அதுதான். இரண்டு அளவுகள் எவ்வளவு சேர்ந்து மாறுகின்றன என்று காட்டும் தொடர்புக்கெழுவைக் கணக்கிடுவதை நான் முப்பது ஆண்டுகள் கரும்பலகையில் நடத்தியிருக்கிறேன். ஒரு ஊரின் சாதிப் படம் அதில் வந்து விழும் என்று அதுவரை நினைத்ததில்லை.

அந்த அட்டவணையை அக்டோபர் 2 அன்று கிராம சபையில் இரண்டு மாணவியர் வாசித்தார்கள். அதிசயம் எதுவும் நடந்துவிடவில்லை. ஆனால் மேல்நிலைத் தொட்டி ஆபரேட்டர் எழுந்து, கடைசி வால்வு பழுதாகி வெகு நாளாயிற்று என்று சொன்னார். அது அதன் பிறகு மாற்றப்பட்டது. டிரம்களின் வாயில் பழைய வேட்டியை இறுக்கிக் கட்டுவது என்ற யோசனையை ஊர்ப் பெண்களே சொன்னார்கள். கொசு உற்பத்திக்கு இடம் கொடுக்கும் நீர்த்தேக்கங்களைப் பற்றி 1939-ஆம் ஆண்டு சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டத்திலேயே தனி அத்தியாயம் இருக்கிறது என்பதை ஓர் அரசியல் அறிவியல் மாணவர் தேடி எடுத்துவந்தார். வீட்டுக்காரருக்கு அபராதம் விதிக்க நினைவுக்கு வருகிற சட்டம், குழாய்க்குப் பொறுப்பானவர்களிடம் பேசும்போதும் நினைவுக்கு வர வேண்டும் என்று அவர் சொன்னதை நான் ரசித்தேன்.

இந்த இடத்தில் தமிழ்த் துறை மாணவர் ஒருவரைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். எங்களுக்குத் தரப்பட்ட துண்டறிக்கையில் "கொள்கலன்களில் நீர் தேங்காவண்ணம் பராமரித்தல்" என்று இருந்தது. கொள்கலன் என்றால் என்ன என்று இரண்டு வீடுகளில் கேட்டார்கள். அவர் இரவோடு இரவாக அதை "அண்டா, குடம், டிரம், தொட்டி எதையும் திறந்து வைக்காதீர்கள்" என்று மாற்றி எழுதினார். மறுநாள் யாரும் எதுவும் கேட்கவில்லை. நோயியல் அறிவைக் காட்டிலும் அந்த ஒரு திருத்தம் அன்று அதிகப் பயன் தந்தது என்று ஆய்வாளரே சொன்னார். பொதுச் சுகாதாரத்தில் தமிழ் மாணவருக்கு என்ன வேலை என்று கேட்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

ஊருக்குப் போய்த்தான் கற்க வேண்டும் என்பதும் இல்லை. தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின் ஐந்தாம் சுற்று, 2019-21-இல், தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53.4 சதவீதத்தினருக்கு இரத்தச் சோகை இருப்பதாகச் சொல்கிறது. இந்த எண்ணைப் பாடம் நடத்தினால் மாணவியர் எழுதிக்கொள்வார்கள். ஆரம்ப சுகாதார நிலைய ஆய்வக நுட்பநரை அழைத்து, விருப்பமுள்ள மாணவியருக்கு ஹீமோகுளோபின் பரிசோதனை செய்தபோது, எண் என்பது அவர்களே என்று தெரிந்தது. 12 கிராமுக்குக் கீழே இருந்தவர்கள் பலர். காலை ஆறரை மணிப் பேருந்தைப் பிடிக்க வேண்டியவர்கள் வெறும் வயிற்றோடு வந்து, பதினொன்றரை மணி இடைவேளையில் டீயும் பன்னும் சாப்பிடுகிறார்கள். பள்ளியில் படித்தவரை வாரம் ஒருமுறை இரும்புச்சத்து மாத்திரை கொடுத்த கை, கல்லூரிக்கு வந்ததும் நின்றுவிட்டது. பேச்சுவாக்கில் இன்னொன்றும் வெளியே வந்தது. கழிப்பறை இருக்கும் நிலையை எண்ணி, காலை முதல் மாலை வரை தண்ணீரே குடிப்பதில்லை என்று சிலர் சொன்னார்கள். இதைக் கல்லூரி நிர்வாகத்திடம் எழுத்தில் கொடுத்தபோது, இது கல்லூரி மாணவர் சுகாதாரக் கழகத்தின் வேலையா என்று கேட்கப்பட்டது. வேறு எது அதன் வேலை என்று எனக்கு இன்றும் விளங்கவில்லை.

நான் செய்த ஒரு பிழையையும் மறைக்கக் கூடாது. வேறொரு முகாமில், ஒரு வீட்டில் காசநோய் மாத்திரைகளைப் பார்த்த மாணவர், திரும்பும் பேருந்தில் அதை நண்பரிடம் உரக்கச் சொல்லிவிட்டார். பேருந்தில் அதே ஊர்க்காரர்கள் இருந்தார்கள். அடுத்த வாரம் அந்த வீட்டுக் கதவு எங்களுக்குத் திறக்கவில்லை. கிராம சுகாதாரச் செவிலியருக்கும் சில நாள் திறக்கவில்லை என்று பிறகு அறிந்தேன். மாணவரைக் கடிந்து பயன் இல்லை. ஒருவர் வீட்டில் பார்த்ததை வெளியே பேசக் கூடாது என்பதை அவருக்கு முதல் நாளே நான் கற்றுக்கொடுத்திருக்க வேண்டும். அதன் பிறகு ஒவ்வொரு ஆண்டும் முதல் வாரம் முழுவதும் இதற்கே ஒதுக்கினேன். அனுமதி கேட்பது, வேண்டாம் என்றால் திரும்பி வருவது, பெயருக்குப் பதில் எண் போடுவது, வீட்டுக்குள் படம் எடுக்காமல் இருப்பது. வாட்ஸ்ஆப் குழுக்கள் உள்ள காலத்தில் இது பாடத்தின் ஓர் ஓரக் குறிப்பாக இருக்க முடியாது.

காசநோயைச் சொன்னதால், நம் மண்ணின் வரலாற்றை மாணவர்களுக்குச் சொல்வது பற்றியும் ஒரு வார்த்தை. 1854-இல் இலண்டனில் ஜான் ஸ்னோ காலரா இறப்புகளை வீடு வீடாகக் குறித்து, ஒரு தெருக் குழாயைக் காட்டிக்கொடுத்த கதை எல்லாப் பாடநூல்களிலும் இருக்கிறது, அருமையான கதை. ஆனால் 1956-இல் சென்னையில் தொடங்கப்பட்ட காசநோய் மருந்துச் சிகிச்சை ஆய்வு மையம், நெருக்கடியான வீடுகளில், போதிய உணவின்றி வாழ்ந்த ஏழை நோயாளிகளை அவர்கள் வீட்டிலேயே வைத்து மருந்து கொடுத்துக் குணப்படுத்த முடியும், சானட்டோரியம் எனப்படும் காசநோய் மருத்துவமனையில் படுக்கவைத்துப் பெறும் பலனுக்கு அது குறைந்ததன்று, வீட்டாருக்கும் அதனால் கூடுதல் ஆபத்தில்லை என்று காட்டி, உலக நாடுகளின் சிகிச்சை முறையையே மாற்றியது. எங்கள் மாணவர்களில் ஒருவருக்குக்கூட அது தெரியாது. 1986-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பேராசிரியர் சுனிதி சாலமனின் வழிகாட்டலில் ஆய்வேட்டுக்குத் தலைப்புத் தேடிய செல்லப்பன் நிர்மலா என்ற முதுநிலை மாணவி, இந்த நாட்டில் எச்.ஐ.வி. இருக்காது என்று பலரும் நம்பிய நேரத்தில் இரத்த மாதிரிகளைச் சேகரித்து, அவற்றை வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோய்ச் சோதித்ததில்தான் இந்தியாவின் முதல் தொற்றுகள் தெரியவந்தன. ஒரு மாணவியின் ஆய்வேடு அது. எய்ட்ஸ் விழிப்புணர்வுக்காகக் கல்லூரிகளில் இயங்கும் செஞ்சுருள் சங்கக் கூட்டங்களில் உறுதிமொழி வாசிப்பதற்கு முன் இந்தச் செய்தியைச் சொன்னால், மாணவர்கள் நிமிர்ந்து உட்காருவதை நான் கண்டிருக்கிறேன்.

மருத்துவ மாணவர்களுக்கு ஊரோடு பழகும் பயிற்சி புதிதன்று. தேசிய மருத்துவ ஆணையத்தின் குடும்பத் தத்தெடுப்புத் திட்டத்தில் ஒவ்வொரு மாணவரும் சில குடும்பங்களைப் படிப்புக் காலம் முழுவதும் தொடர்ந்து கவனிக்க வேண்டும். எங்கள் மாவட்டத்திலேயே, மருத்துவரான டி.எஸ். சௌந்தரமும் ஜி. இராமச்சந்திரனும் 1947-இல் தொடங்கிய காந்திகிராமம், கற்பித்தலும் ஆராய்ச்சியும் போலவே விரிவாக்கப் பணியும் கல்வியின் அங்கம் என்று நெடுங்காலமாக வைத்திருக்கிறது. வணிகவியலும் கணிதமும் வரலாறும் படிக்கிற பெரும்பான்மைக்குத்தான் இந்த வாய்ப்பு இல்லை. நாளை ஊராட்சித் தலைவராக, கணக்காளராக, பள்ளி ஆசிரியராக, நிறுவன மேலாளராக, ஒரு குடும்பத்தின் சமையலைத் தீர்மானிப்பவராக இருக்கப்போகிறவர்கள் அவர்கள்.

ஆகவே என் வேண்டுகோள் இது. பல்கலைக்கழகங்கள் இப்பாடத்தைக் கொண்டுவந்தால், ஒவ்வொரு கல்லூரியும் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தோடு பேசி, ஓர் ஊராட்சியையோ நகராட்சி வார்டையோ எடுத்துக்கொண்டு, குறைந்தது மூன்று ஆண்டு அதை விடாமல் இருக்க வேண்டும். ஒவ்வோராண்டும் புது ஊர் என்று தாவினால் புகைப்படம் கிடைக்கும், கணக்கு கிடைக்காது. என்ன எண்ணுவது என்பதை அந்த ஊர் தீர்மானிக்கட்டும். தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்துக் கல்லூரிக்குக் குடிநீரில் உள்ள ஃபுளோரைடும் பிள்ளைகளின் பல் கறையும் பாடம். நகரத்துக் கல்லூரிக்கு நாய்க்கடியும், கடிபட்டவர் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் புண்ணைக் கழுவினாரா, தடுப்பூசியை முழுத் தவணையும் போட்டுக்கொண்டாரா என்பதும் பாடம். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் பெண் தன்னார்வலர்கள் இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்க வீடு வீடாகப் போகிறார்கள். அவர்களோடு ஒரு நாள் நடந்தால், மாத்திரை வீட்டுக்கே வந்தும் ஒருவர் அதை ஏன் விழுங்காமல் வைத்திருக்கிறார் என்பதை எந்த நூலும் சொல்லாத விதத்தில் மாணவர்கள் அறிவார்கள்.

இதற்கு வரும் மறுப்புகளையும் அறிவேன். மாணவியரை வெளியூர்த் தெருக்களுக்கு அனுப்பப் பெற்றோர் தயங்குவார்கள் என்பது ஒன்று. பெற்றோரையே ஒருமுறை உடன் வரச் சொன்னதில் எங்களுக்கு அது பெரிதும் தீர்ந்தது. இன்னொன்று உண்மையிலேயே கனமானது. கிராம சுகாதாரச் செவிலியருக்குத் தடுப்பூசி, கர்ப்பிணிப் பதிவு, கணினிப் பதிவு என்று இருக்கிற சுமையே தாங்க முடியாதது. அவர் பின்னால் அறுபது மாணவர்களை அனுப்பினால் அது அவருக்கு ஒரு தண்டனை. ஐந்தாறு பேராகப் பிரித்து, அவர் சொல்லும் நாளில் மட்டும் போக வேண்டும். வழிகாட்டும் களப் பணியாளருக்கு, சிறப்புச் சொற்பொழிவாற்றும் பேராசிரியருக்குத் தருகிற அதே மதிப்பூதியத்தைப் பல்கலைக்கழகம் தர வேண்டும். பொன்னாடை போதாது.

மதிப்பெண்ணைப் பற்றியும் கேட்பார்கள். மூன்று மணி நேரத் தேர்வு வேண்டாம் என்பதே என் கருத்து. மாணவர் குழு எண்ணியதை ஒரே பக்கத்தில், அந்த ஊர்க்காரர் வாசித்துப் புரிந்துகொள்ளும் தமிழில் எழுதி, கிராம சபையிலோ வார்டு கூட்டத்திலோ வாசித்து, எழுகிற கேள்விகளுக்குப் பதில் சொல்லட்டும். பதில் தெரியாவிட்டால் அடுத்த கூட்டத்துக்குள் தெரிந்துகொண்டு வரட்டும். அங்கே உட்கார்ந்து சுகாதார ஆய்வாளரும் துறை ஆசிரியரும் மதிப்பெண் இடலாம். வழிகாட்டி நூல் பதிப்பாளர்களுக்கு இதில் வேலை இருக்காது.

கல்லூரிகள் ஜூன் மாதத்தில் திறக்கின்றன. வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்குகிறது. காய்ச்சல் அதன் பின்னாலேயே வரும். ஆகஸ்ட் 15 அன்று ஒரு கிராம சபை, அக்டோபர் 2 அன்று ஒரு கிராம சபை. முதல் சபையில் ஊரின் அனுமதியைக் கேட்டு, இரண்டாவதில் கணக்கை வைக்க, இடையில் ஏழு வாரம் இருக்கிறது. டார்ச் விளக்கும் வெள்ளைக் கிண்ணமும் தவிர வேறு செலவு எங்களுக்கு வரவில்லை.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற புள்ளியியல் இணைப் பேராசிரியர்,
திண்டுக்கல் மாவட்டம்.